நாட்காட்டியில் இல்லாத பெயர்

எங்கள் கப்பல் முகவர் கந்தோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்க வந்த பிள்ளை, "பகிடியா எழுதுங்கோ அங்கிள். அந்தப் பெயர்க் கொப்பிக் கதையப் போடுங்கோ, எல்லாருக்கும் விருப்பம்" என்றார். ஆங்கிலத்தில் எழுதினால் வசதி என்றும் சொன்னார். தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கிழவனுக்குத் தமிழ்ப்பற்று முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். உங்களில் இரண்டு பேர் சிங்களப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

ஆடுகிற படகிலிருந்து கப்பலின் கயிற்றேணியை எந்த நேரத்தில் பிடிப்பது, எந்தக் கடதாசிக்கு யாரிடம் முதலில் கையெழுத்து வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு பிற்பகலில் நான் விட்ட பிழையை. அதை முழுதாக இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. பகிடி ஆரம்பத்தில் கொஞ்சம் இருக்கும், அத்தோடு சரி.

நான் முப்பத்திநாலு வருடம் வோட்டர் கிளாக். உங்களுக்கு இப்போது அழகான பதவிப் பெயர் தந்திருக்கிறார்கள், ஆனால் வேலை அதேதான். கப்பல் கொழும்புக்கு வந்தால் முகவர் கந்தோரின் ஆளாக முதலில் ஏறுகிறவனும் கடைசியில் இறங்குகிறவனும் வோட்டர் கிளாக்தான். கப்டனுக்குத் தண்ணீரும் சாப்பாட்டுச் சாமானும் வேண்டும். குடிவரவுக்காரருக்குக் கடதாசி வேண்டும். கப்பலில் இருக்கிற இருபது பேருக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். இவ்வளவு பேரிடமும் ஏச்சு வாங்க நடுவில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா, அதற்குத்தான் சம்பளம்.

ஏச்சைக் குறைக்க நான் கண்டுபிடித்த வழிதான் அந்தக் கொப்பி. கப்பலில் ஏறினவுடன் ஆட்களின் பட்டியலைப் பார்த்து யாராவது ஒருவரிடம், "உன் பெயருக்கு என்ன கருத்து?" என்று கேட்பேன். மாதக்கணக்கில் ஃபிட்டர், ஒயிலர், குக் என்று மட்டும் கூப்பிடப்பட்டவனிடம் இப்படிக் கேட்டால் முகம் இளகிவிடும். அவன் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். பிலிப்பீன்காரரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அவர்களின் பட்டியலை வாசித்தால் கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டை வாசித்த மாதிரி இருக்கும், அவ்வளவும் அர்ச்சிஷ்டவர்களான புனிதர்களின் பெயர்.

ஆனால் லித்துவேனியா, லாத்வியா ஆட்கள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். அந்த இரண்டு சின்ன நாட்டுக்காரரின் பெயர்களும் வீட்டிலும் தெருவிலும் புழங்குகிற சொற்கள். கிந்தாரஸ் என்றால் கடற்கரையில் ஒதுங்கும் அம்பர்க் கல். ஆவுட்ரா என்று ஒரு மாலுமிக்கு மனைவி இருந்தாள், கருத்து புயல். "பொருத்தமா வைச்சிருக்கினம்" என்று அவனே சொன்னான். ரசா என்றால் பனித்துளி. எங்கள் வீட்டில் ரசத்தைச் சோற்றுக்கு ஊற்றுவோம் என்று நான் சொன்னதைக் கேட்டு ஒரு கப்பலே சிரித்தது. பிறகு ஒரு படித்த அதிகாரி, அவர்களின் ரசாவும் எங்கள் பக்கத்து ரசமும் ஆதியில் ஒரே வேர் என்று விளங்கப்படுத்தினார். அவர்களின் பாஷை மிகவும் பழையது, சமஸ்கிருதத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்றார். சமயம் மாறுமுன் அவர்கள் இரண்டு சொல்லை முடிச்சுப்போட்டு வாழ்த்து மாதிரிப் பெயர் வைத்தார்களாம். பிறகு எங்களைப் போல அர்ச்சிஷ்டவர்களின் பெயருக்கு மாறி, கனகாலத்துக்குப் பிறகு பழையதைத் தேடி எடுத்தார்களாம்.

ஒருமுறை தண்ணீர்ப் படகு நாலு மணித்தியாலம் பிந்திவிட்டது. லித்துவேனியக் கப்டன், பெயர் கேஸ்துதிஸ், மேசையில் குத்திக்குத்தி என்னை ஏசினார். ஏசி முடியும்வரை நின்றுவிட்டு, "கப்டன், உங்கட பெயருக்குப் பொறுமையாத் தாங்கிறவன் எண்டுதானே கருத்து?" என்று கேட்டேன். மனுசன் வாயைத் திறந்தபடி இருந்தார். பிறகு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அந்தக் கதை கந்தோர் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு கரைச்சலான கப்பல் வந்தால் ஞானசீலனை அனுப்பு என்றார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். ஒரு ஆளின் பெயர் தெரிந்தால் ஆளையே தெரியும் என்று நம்பத் தொடங்கினேன்.

விஸ்வால்டிஸ் லாத்வியாக்காரன். எஞ்சின் அறை ஃபிட்டர், ஐம்பது வயது, பெரிய தோள், சின்னக் குரல். முதல்முறை அவன் வந்தது பல்வலியோடு. பல் முரசு வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் இலக்கம் எடுத்து, காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் வரைக்கும் பிளாஸ்டிக் கதிரையில் பக்கத்தில் இருந்தோம். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அவன் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"விஸ்வால்டிஸ் என்றால் எல்லாவற்றையும் ஆள்பவன். ஆனால் கப்பலில் ஒரு பம்பைக்கூட நான் சொன்னபடி கேட்கவைக்க முடியவில்லை."

எங்களில் சர்வேஸ்வரன் என்று வைப்பார்கள், அதே கருத்து என்றேன். எனக்குத் தெரிந்த சர்வேஸ்வரன் ஒருவர் வெள்ளவத்தையில் குடை திருத்துகிறார் என்றும் சொன்னேன். சிரிக்கப் போய் முரசு வலித்து, கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் பிறந்த காலத்தில் அவர்கள் நாட்டை வேறு ஆட்கள் ஆண்டார்களாம். "பெயரிலாவது பையன் ஆளட்டும் என்று அப்பா நினைத்திருப்பார்" என்றான்.

அப்போது நானும் என் கதையைச் சொன்னேன். யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில் மூன்று சோதனைச் சாவடி. துப்பாக்கியோடு நிற்கிறவன் "நம மொகத்த?" என்று பெயரைக் கேட்பான். ஞானசீலன் என்று சொல்லி முடிக்குமுன் "பெத்தட்ட வென்ன" என்று ஓரமாக நிற்கச் சொல்வான். துறைமுக பாஸ் கையில் இருக்கும், கழுத்தில் சிலுவை இருக்கும், ஒன்றும் உதவாது. நான் யார், என்ன நினைக்கிறேன், எங்கே போகிறேன் என்பதையெல்லாம் அந்த அஞ்சு எழுத்திலேயே அவன் முடிவுசெய்துவிடுவான். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. விஸ்வால்டிஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் ஊரிலும் அது நடந்தது" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்குத்தான் பெயர் நாளைப் பற்றிச் சொன்னான். அவர்களின் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு மூன்று பெயர் அச்சிட்டிருக்கும். அது அந்தப் பெயர்க்காரரின் நாள். எங்களிலும் அர்ச்சிஷ்டவரின் திருநாளில் அந்தப் பெயர்க்காரருக்கு வாழ்த்துச் சொல்லி கேக் வெட்டுவோம்தான். ஆனால் அவர்களில் ஒரு முக்கியமான வித்தியாசம், அந்த நாளில் ஒருவரையும் அழைக்கக் கூடாது. யார் நினைவு வைத்திருக்கிறார்களோ அவர்கள் பூவோடு வருவார்கள். வருகிறவர்களுக்காக வீட்டில் எல்லாம் ஆயத்தமாக இருக்கவேண்டும். அவனுடைய மகளின் பெயர் ஆவுஸ்மா, விடியற்காலை என்று கருத்து. என் மகள் உஷா, அதுவும் அதேதான் என்று சொன்னபோது இரண்டு பேரும் ஆஸ்பத்திரி என்பதை மறந்து கைகுலுக்கிக்கொண்டோம். மகள் பிறந்து பதினேழு வருடத்தில் அவளின் நாளுக்கு அவன் வீட்டில் நின்றது மூன்றே முறையாம்.

"உன் பெயர் எங்கள் நாட்காட்டியில் இராது" என்றான். "கவலைப்படாதே. மே மாதத்தில் ஒரு நாள் இருக்கிறது. எந்த நாளிலும் இடம் கிடைக்காத பெயர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு நாள். அது உன் நாள்."

அன்று அவன் என் போன் நம்பரை வாங்கினான். அதற்குப் பிறகு இரண்டு மே மாதத்திலும் கடலின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வாழ்த்து வந்தது.

மூன்றாவது வருடம் அவனுடைய கப்பல் மறுபடியும் கொழும்புக்கு வந்தது. துறைமுகத்துக்குள் வரவில்லை. வெளியே நின்று சாமான் ஏற்றி, இரண்டு பேரை மாற்றி, பின்னேரம் நாலு மணிக்குப் புறப்படவேண்டும். மாறுகிற இரண்டு பேரில் விஸ்வால்டிஸ் இல்லை. ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்தும் அவனை இன்னும் இரண்டு மாதம் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் ஏறினபோது ஏணி மேலே நின்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். "அடுத்த வெள்ளி ஆவுஸ்மாவின் நாள்" என்றான். "போக முதல் என்னைப் பார். உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது." பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு கடதாசிகளோடு ஓடிவிட்டேன்.

மூன்றரை மணிக்கு நான் கப்டனின் அறையில் கடைசிக் கையெழுத்துக்களை வாங்கிக்கொண்டிருந்தேன். கதவில் விஸ்வால்டிஸ் வந்து நின்றான். முகத்தில் வியர்வை. ஒரு கையால் மேல்வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தான். மற்றக் கையில் ஸிப் பூட்டிய சின்ன நீலப் பை. நெஞ்சுக்குக் கீழே எரிகிறது, டொக்டரிடம் போகவேண்டும் என்றான்.

கப்டன் பேனையை வைத்தார். எந்த நாட்டவர் என்பது இங்கே தேவையில்லை. கெட்ட மனிதர் என்றும் நான் சொல்லமாட்டேன். இரண்டு நாள் பிந்தி ஓடிக்கொண்டிருந்த கப்பல் அது. "மூன்று முறை வீட்டுக்குப் போகக் கேட்டான், நான் விடவில்லை" என்று என்னிடம் சொன்னார். "இன்றைக்கு நோய் வருத்தம் வந்திருக்கிறது. பையும் கட்டியாகிவிட்டது, பார்." பிறகு விஸ்வால்டிஸை வெளியே நிற்கச் சொன்னார்.

ஒருவனைக் கரைக்கு இறக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குடிவரவு அனுமதி எடுக்கவேண்டும், டொக்டர் பார்க்கவேண்டும், கப்பல் காத்து நிற்கவேண்டும், அல்லது ஆளை விட்டுவிட்டுக் குறைவான ஆட்களோடு போகவேண்டும். நான் கந்தோருக்கு போன் எடுத்தேன். எங்கள் மனேஜர் ரிஸ்வான் ஒரு சொல்லை இரண்டுதரம் சொல்கிறவர் அல்ல.

"ஆளுக்கு மெய்யாவே சொகமில்லயா, இல்லாட்டி நடிக்கிறானா?" என்று கேட்டார். "நான் இங்க ஈக்கிறேன், எனக்கு எப்பிடித் தெரியும்? ஒங்கட சிநேகிதன்தானே. நீங்க செல்லுங்க, அத நான் எடுக்கிறேன்."

யோசித்துப் பாருங்கள். கப்டன் என்னைப் பார்க்கிறார், போனில் ரிஸ்வான் காத்திருக்கிறார், கீழே படகுக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். மூன்று பேருக்கும் ஒரு பதில் வேண்டும். கப்பலிலேயே அவனைத் தெரிந்த ஆள் நான்தான் என்று எனக்குப் பட்டது, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையோடுதான் சொன்னேன்.

"வாற வெள்ளிக்கிழமை மகளின்ட பெயர் நாள். அவங்களுக்கு அது பெரிய விசயம். காலையிலயே என்னட்ட ஒரு வேலை இருக்கு எண்டு சொன்னவன். அதுக்குப் போகத்தான் பாக்கிறான் போல."

"அப்ப சரி" என்று ரிஸ்வான் போனை வைத்தார். கப்டனுக்கு அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார். வாயுவுக்கு விழுங்கும் குளிசை இரண்டை எடுத்துத் தந்தார்.

வெளியே வந்தபோது விஸ்வால்டிஸ் சுவரில் சாய்ந்து நின்றான். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. கேட்டானா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் குளிசையைக் கொடுத்தேன். அவன் அந்த நீலப் பையை என்னிடம் நீட்டி ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் கையை மறித்தேன். "ஸொரி, மை பிரெண்ட். பையோட ஏத்த ஏலாது. அடுத்தமுறை பாப்பம்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், தோளிலும் தட்டினேன். அவன் பையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஏணியில் இறங்கினேன். மேலே பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை மின்னஞ்சல் வந்தது. இருதயம். கப்பல் கொழும்பிலிருந்து ஒரு இரவுத் தூரம் போயிருந்தது. உடலைக் குளிர் அறையில் வைத்து அடுத்த துறைமுகத்தில் இறக்கினார்கள்.

உங்களுக்குச் சொல்லவேண்டிய பாடம் சின்னது. ஒருவன் வருத்தம் என்று சொன்னால் கரைக்கு ஏற்றுங்கள். அவன் ஏன் சொல்கிறான் என்று ஆராய்வது உங்கள் வேலை அல்ல, டொக்டரின் வேலை. பொய் சொல்லியிருந்தால் கப்பலுக்கு அரைநாள் போகும், உங்களுக்கு ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவனோடு நீங்கள் சிநேகிதம் என்றால் இன்னும் கவனமாக இருங்கள். அவனைப் பற்றி ஒன்றுமே தெரியாத வோட்டர் கிளாக் ஒருவன் அன்று போயிருந்தால், பயத்திலாவது கரைக்குக் கொண்டுவந்திருப்பான். எனக்கு அவனுடைய பெயர் தெரியும், மகளின் பெயர் தெரியும், பெயர் நாள் தெரியும். சாவடியில் நின்ற சிப்பாய் என் அஞ்சு எழுத்தைக் கேட்டு என்னை முடிவுகட்டியதற்கு வாழ்நாள் முழுக்க அவனைச் சபித்தேன். நான் செய்தது அதைவிடக் கேவலம். அந்தச் சிப்பாய்க்கு என்னைத் தெரியாது.

பாடத்தைச் சொல்லிவிட்டேன். இது உங்களைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. இதே மாதிரிப் பாடங்களை எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள், நானும் தலையாட்டிக் கேட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட எழுதியிருக்க மாட்டேன். ஒரு கிழமை கழித்துக் கப்பல் கொம்பனியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கொழும்பில் நின்றபோது இந்த ஆள் வைத்திய உதவி கேட்டானா? ரிஸ்வான் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கப்டன் 'இல்ல'ண்டு எழுதீக்கிறார். நாங்க வேற மாதிரி எழுதினா அந்தாள் பொய்யன், நாங்களும் குத்தவாளி. போன ஆள் திரும்பி வரப்போறதில்ல ஞானசீலன். ஒரு சொல்லு போதும்."

அவர் சொன்னதைக் கேட்டு நான் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அவர் கேட்குமுன்பே என் மனதில் அந்தச் சொல் ஆயத்தமாக இருந்தது. வேலையிலிருந்து இளைப்பாற எட்டு மாதம் இருந்தது. பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்குப் பிரியாவிடை வைத்து மாலை போட்டார்கள். மாலுமிகளைப் பெயர் சொல்லி அழைத்த மனிதர் என்று ஒரு அலுமாரிப் பலகையளவு நினைவுச் சின்னமும் தந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து கொப்பியைக் கிழிக்கப் பார்த்தேன், அதற்கும் துணிவு வரவில்லை.

ஆவுஸ்மாவின் முதல் செய்தி அடுத்த மே மாதம் வந்தது. தகப்பனின் போனில் என் நம்பரைக் கண்டு எழுதியிருந்தாள். "நீங்கள்தானே பெயர்களைச் சேர்க்கும் நண்பர். இன்று உங்கள் நாள். அப்பா மறக்கமாட்டார், அதனால் நானும் மறக்கவில்லை." கரையிலிருந்து வந்து அவனோடு கடைசியாகப் பேசியவன் நான் என்று கொம்பனி மூலம் அறிந்திருந்தாள். அவன் எப்படி இருந்தான் என்று கேட்டிருந்தாள். சுகமாக இருந்தார், உன்னைப் பற்றித்தான் பேசினார் என்று பதில் போட்டேன். ஒவ்வொரு மே மாதமும் வாழ்த்து வந்தது. அந்த மாதம் தொடங்கினாலே எனக்குச் சாப்பாடு இறங்காது.

போன மே மாதம் அவளே வந்துவிட்டாள்.

நான் இப்போது மகள் உஷாவோடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மாடி வீடொன்றில் இருக்கிறேன். யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல், வெளியே நங்கூரமிட்டு நிற்கிற கப்பல்கள். காலை பத்து மணிக்கு பெல் அடித்தது. உயரமான வெள்ளைக்காரப் பிள்ளை, தகப்பனின் தோள், கையில் பூ. முந்தின வருடம் அவள் முகவரி கேட்டதும் நான் கொடுத்ததும் அப்போதுதான் நினைவு வந்தது.

"அழைக்கக் கூடாது, தெரியும்தானே" என்று சிரித்தாள். "நினைவிருக்கிறவர்கள் வருவார்கள்."

உஷா அவளை இருத்தித் தேத்தண்ணீர் ஊற்றினாள். ஓடிப்போய்க் கீழே கடையில் கேக் வாங்கி வந்தாள். விடியல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைத்தன. ஆவுஸ்மா தன் தோள்பையைத் திறந்து ஒரு சின்ன நீலப் பையை எடுத்து மேசையில் வைத்தாள். நான் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாவின் சாமான்களோடு வந்தது" என்றாள். "உள்ளே எனக்கு ஒரு சால்வை இருந்தது, என் பெயர் நாளுக்கு. எங்கள் வீட்டு முகவரியும் எழுதியிருந்தார். உங்களுக்கு ஒரு கடிதம். இதைக் கொழும்பிலிருந்து கூரியரில் அனுப்பினால் வெள்ளிக்கிழமைக்கு முன் போய்ச் சேரும், எனக்காகச் செய்வாயா, இந்த முறையும் நான் வீட்டுக்குப் போகப்போவதில்லை என்று எழுதியிருக்கிறார். உங்களிடம் கொடுக்கக் கிடைக்கவில்லைப் போல."

அந்த வேலைதான். என்னிடம் இருக்கிறது என்று ஏணி மேலே நின்று சொன்ன வேலை. அவன் போகப்போவதில்லை என்பதற்கு அத்தாட்சியாக இருந்த பையைத்தான் போகப் பார்க்கிறான் என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நீட்டினான். ஏத்த ஏலாது என்றேன்.

"இது உங்களுக்கு" என்று அவள் ஒரு நாட்காட்டியைத் தந்தாள். அவன் இறந்த வருடத்துப் பழைய நாட்காட்டி. மே மாதத்தில் ஒரு நாளுக்கு நேரே பெரிய தடித்த எழுத்தில் பேனையால் எழுதியிருந்தான். எங்கள் கந்தோர்க் கடதாசியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருக்க வேண்டும். ஞானசீலன் என்று என் பெயர்.

உஷா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆவுஸ்மா யன்னலருகே போய்க் கப்பல்களைப் பார்த்தபடி நின்றாள். அங்கேதானா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் வடக்கே என்றேன். பிறகு திரும்பி நேரே என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒன்று கேட்கவேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அன்றைக்கு அப்பா தனக்குச் சுகமில்லை என்று யாரிடமாவது சொன்னாரா? சொல்லியும் கேட்காமல் விட்டார்களா? அம்மாவுக்கு அதுதான் நித்திரை வருவதில்லை. எனக்கும்."

சொல்லியிருக்கலாம். அவள் தகப்பனின் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைக் கேட்கிற உரிமை உலகத்தில் இரண்டு பேருக்கு இருந்தது, ஒருத்தி என் வீட்டுக்கே பூவோடு வந்திருந்தாள். வாயைத் திறந்தேன்.

"இல்லை மகள்" என்றேன். "ஒருவரிடமும் சொல்லவில்லை."

அவள் பெருமூச்சு விட்டாள். "நன்றி" என்றாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, அடுத்த வருடமும் வருவேன் என்றாள். ஆறு நாளில் இந்த வருடத்து மே மாதத்தின் அந்த நாள். கேக்குக்குச் சொல்லி வைக்கவா என்று உஷா நேற்றுக் கேட்டாள்.

நீங்கள் ஆறு பேரும் இதை வாசிப்பீர்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னதற்கு நான் ஏன் மறுத்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும். ஆவுஸ்மாவுக்குத் தமிழ் தெரியாது.